எண்ணெய் ஊறிய நிலத்தின் எல்லையை மின்னளவீட்டினால் அறிதல்

வயலிலோ தோட்டத்திலோ எண்ணெய் சிந்திவிட்டால் கண்ணுக்குப் புலப்படுவது மேற்பரப்பிலுள்ள கறை மட்டுமேயாம். அவ்வெண்ணெய் மண்ணினுள் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது, எத்திசையில் எவ்வளவு தூரம் பரந்துள்ளது என்பன மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. கறை சிறிதென எண்ணி அடுத்த போகத்துக்கு விதைப்பவர் விதையையும் உழைப்பையும் இழக்க நேரிடும். கறை பெரிதென அஞ்சுபவரோ பழுதில்லாத நிலத்தையும் தரிசாக விட்டுவிடுவர். இவ்விரு நட்டங்களையும் தவிர்ப்பதற்கு மாசுற்ற நிலத்தின் எல்லையை அறிதல் இன்றியமையாதது.

நிலமெங்கும் குழி தோண்டிப் பார்த்தல் செலவு மிக்கது. அன்றியும், தோண்டிய குழிகளின் வழியே எண்ணெய் மேலும் ஆழத்துக்கு இறங்கவுங் கூடும். பெருமளவில் தோண்டாமலே நிலத்தின் உள்ளமைப்பை ஆராய்வதற்கு, மண் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையை அளக்கும் முறை பயன்படுகின்றது. குழாய்க்கிணறு அமைக்குமுன் நீருள்ள இடத்தைத் தேடுவதற்கு இம்முறை நமது நாட்டிலுங் கையாளப்பட்டு வருவதால், கமக்காரர் பலர் இதனைக் கண்டிருப்பர். எண்ணெய் ஊறிய நிலத்தை ஆராய்வதில் இம்முறை எங்ஙனம் உதவும், எங்கு உதவாது, கமக்காரர் செய்யவேண்டியவை யாவை என்பன இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

எண்ணெய் பயிருக்குச் செய்யுந் தீங்கு

மண் துணிக்கைகளுக்கிடையே சிறு வெளிகள் உண்டு. நல்ல மண்ணில் இவ்வெளிகளை நீரும் காற்றும் நிரப்பியிருக்கும். டீசல், மண்ணெண்ணெய், இயந்திர எண்ணெய் முதலியன அங்கு புகுந்தால் துணிக்கைகளைப் போர்த்து, நீர் ஒட்டாதவாறு செய்துவிடும். பாய்ச்சிய நீர் மண்ணில் ஊறாது வழிந்தோடும். வேருக்குக் காற்றுங் கிடையாது. டீசல், மண்ணெண்ணெய் போன்ற இலேசான எண்ணெய்கள் முளைக்கும் விதையையும் இளவேரையும் நேரே கருக்கவும் வல்லன.

மற்றொரு தீங்கு சிறிது காலஞ் சென்றபின் தோன்றும். மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் எண்ணெயை உணவாகக் கொண்டு பெருகும்போது, மண்ணிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் தாமே எடுத்துக்கொள்ளும். இதனால், பசளை இட்டும் பயிர் மஞ்சளாகி நிற்பதைக் காணலாம். ஆயினும் இதே பற்றீரியாக்கள்தாம் காலப்போக்கில் நிலத்தை மீட்டுத் தருவன. மின்னளவீட்டின் பயனை விளங்குவதற்கும் இவற்றின் செயலை அறிதல் வேண்டும் என்பது பின்னர்ப் புலனாகும்.

மண்ணினுள் எண்ணெய் செல்லும் வழி

சிந்திய எண்ணெய் முதலில் நேர் கீழாக இறங்கும். மணற்பாங்கான நிலத்தில் விரைவாகவும், களி நிலத்தில் மெதுவாகவும் செல்லும். வழியெங்கும் ஒரு பகுதி துணிக்கைகளில் ஒட்டி நின்றுவிடும். எஞ்சியது நிலத்தடி நீர் மட்டத்தை அடைந்ததும், நீரிலும் இலேசாகையால் அதன்மேல் மிதந்து, நீர் செல்லுந் திசையிற் பரவும். மாரியில் நீர்மட்டம் உயர, கோடையில் தாழ, எண்ணெயும் அதனுடன் ஏறி இறங்கி, மண்ணில் ஓர் அகன்ற படையைப் பூசிவிடும். எண்ணெயிலுள்ள சில பொருள்கள் சிறிதளவு நீரிற் கரைந்து இன்னும் தொலைவு செல்லும். ஆகவே மேற்பரப்பில் கறை உள்ள இடமும், அடியில் எண்ணெய் உள்ள இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ளுதல் தவறாகும்.

மின்னளவீட்டின் அடிப்படை

மண்ணில் மின்னோட்டத்தைப் பெரும்பாலும் கொண்டுசெல்வது அதன் வெளிகளிலுள்ள நீரும், அந்நீரிற் கரைந்துள்ள உப்புக்களுமே. களியின் துணிக்கைகளும் ஓரளவு இதற்குத் துணைசெய்யும். உலர்ந்த மணலில் மின் எளிதிற் செல்லாது. ஈரக்களியில் எளிதிற் செல்லும். உவர்நீர் ஊறிய மண்ணில் மிக எளிதிற் செல்லும். ஒரு பொருள் மின்னோட்டத்தைத் தடுக்கும் இயல்பு தடைத்திறன் எனப்படும். இது ஓம் மீற்றர் என்னும் அலகிற் கூறப்படும். கடல்நீரின் தடைத்திறன் ஏறத்தாழ 0.2 ஓம் மீற்றர். நிலத்தடி நன்னீரினது பொதுவாக 10 முதல் 100 ஓம் மீற்றர் வரையாகும். எண்ணெயோ மின்னோட்டத்தை ஏறத்தாழ முற்றாகத் தடுத்துவிடும்.

நிலத்தில் மின்னைச் செலுத்தி உள்ளமைப்பை அறியும் முயற்சியைப் பிரான்சு நாட்டவரான கொன்றாட் சிலும்பேயர் 1912 ஆம் ஆண்டில் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர், அமெரிக்கரான பிராங்கு வென்னர் நான்கு மின்வாய்களைச் சம தூரத்தில் நாட்டி அளக்கும் ஒழுங்கை வகுத்தார். இன்றும் பெரிதுங் கையாளப்படும் ஒழுங்குகளில் அஃதொன்றாம்.

அளக்கும் முறை

நான்கு இரும்புக் கோல்கள் ஒரே நேர்கோட்டில், சம இடைத்தூரத்தில் நிலத்தில் நாட்டப்படும். புறத்தே உள்ள இரண்டு கோல்களின் வழியே மின்னோட்டஞ் செலுத்தப்படும். நடுவிலுள்ள இரண்டு கோல்களுக்கிடையே தோன்றும் அழுத்த வித்தியாசம் வோல்ற்றில் அளக்கப்படும். வோல்ற்றை அம்பியராற் பிரித்தால் வரும் எண்ணை இடைத்தூரத்தாலும், பின்னர் 6.28 என்பதாலும் பெருக்கினால் அவ்விடத்தின் தடைத்திறன் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: கோல்களின் இடைத்தூரம் 2 மீற்றர் எனவும், மின்னோட்டம் 0.1 அம்பியர் எனவும், அழுத்த வித்தியாசம் 0.4 வோல்ற்று எனவும் கொள்வோம். 0.4 ஐ 0.1 ஆற் பிரிக்க 4, அதனை 2 ஆற் பெருக்க 8, மேலும் 6.28 ஆற் பெருக்க ஏறத்தாழ 50 ஓம் மீற்றராகும். அதே இடைத்தூரத்திலும் அதே மின்னோட்டத்திலும், வேறோர் இடத்தில் 2 வோல்ற்று காணப்பட்டால் அங்கு தடைத்திறன் ஏறத்தாழ 250 ஓம் மீற்றர், இன்னோரிடத்தில் 0.12 வோல்ற்று காணப்பட்டால் ஏறத்தாழ 15 ஓம் மீற்றர்.

கோல்களின் இடைத்தூரத்தைக் கூட்டக் கூட்ட, மின்னோட்டம் ஆழத்துக்குச் செல்லும். வென்னரின் ஒழுங்கில், அளவீடு எட்டும் ஆழம் இடைத்தூரத்தின் பாதியளவெனப் பொதுவாகக் கொள்ளலாம். 5 மீற்றர் ஆழத்தை ஆராய வேண்டின் இடைத்தூரம் 10 மீற்றரும், முதற் கோலிலிருந்து கடைசிக் கோல் வரை 30 மீற்றரும் வேண்டும். இக்காலத்தில் பல கோல்களை ஒரு நீண்ட கம்பிவடத்தில் இணைத்துவிடுவர். எந்த நான்கு கோல்களாற் கொண்டு அளப்பது என்பதைக் கருவியே மாற்றி மாற்றித் தெரிவுசெய்யும். பெறப்பட்ட அளவுகளிலிருந்து, நிலத்தை வெட்டிப் பார்த்தாற்போன்ற ஒரு நிறப்படம் கணினியால் வரையப்படும்.

புதிய எண்ணெயும் பழைய எண்ணெயும்

படத்திற் காணப்படுவது எண்ணெயன்று, மின்றடையின் வேறுபாடே. இவ்வேறுபாட்டுக்குப் பொருள் கூறுவதில் எண்ணெயின் வயதைக் கருதாவிடின் பெருந்தவறு நேரும்.

அண்மையிற் சிந்திய எண்ணெய் மண்ணிலுள்ள நீரை விலக்கி அதன் இடத்தைப் பிடிக்கின்றது. ஆதலால் அவ்விடத்தில் தடைத்திறன் உயரும். மேற்கூறிய எடுத்துக்காட்டில், சுற்றுப்புற மண் 50 ஓம் மீற்றராக இருக்க, 250 ஓம் மீற்றர் காட்டும் இடம் இத்தகையதாக இருக்கலாம். எனினும் எண்ணெய் கணிசமான அளவில் நீரை விலக்கியிருந்தாலன்றி இவ்வேறுபாடு தோன்றாது.

ஆண்டுகள் பல சென்றபின் நிலைமை மாறுகின்றது. பற்றீரியாக்கள் எண்ணெயைச் சிதைக்கும்போது சேதன அமிலங்களும் காபனீரொட்சைட்டும் உண்டாகின்றன. இவை மண்ணின் கனியங்களைச் சிறிது சிறிதாகக் கரைத்து, நீரில் உப்புக்களைக் கூட்டுகின்றன. உப்புக் கூடிய நீர் மின்னை எளிதிற் கடத்தும். ஆகவே, பழைய எண்ணெய் உள்ள இடத்தில் தடைத்திறன் தாழ்வதுண்டு. 15 ஓம் மீற்றர் காட்டும் இடத்தை நல்ல ஈரமண் எனக் கொண்டு விதைப்பவர் பழைய எண்ணெயின்மீதே விதைப்பவராதல் கூடும்.

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இவ்வுண்மை நன்கு ஆராயப்பட்டது. அங்குள்ள வேட்சுமித்து விமானப்படைத் தளத்தில், தீயணைப்புப் பயிற்சிக்காக 1950 களிலிருந்து 1980 கள் வரை எரிபொருளை நிலத்தில் ஊற்றி எரித்து வந்தனர். 1990 களில் அந்நிலத்தை அளந்த ஆய்வாளர், எதிர்பார்த்த உயர்தடைக்கு மாறாக, எண்ணெய் உள்ள பகுதி மின்னை எளிதிற் கடத்துவதைக் கண்டனர். 2000 ஆம் ஆண்டில் வில்லியம் சோக்கு என்னும் ஆய்வாளர், எண்ணெயின் சிதைவினாலேயே இது நிகழ்கின்றதென விளக்கினார்.

மண்ணில் எண்ணெய் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு மினசோட்டா மாநிலத்திலுள்ள பெமிச்சி என்னும் ஊரின் அயல் சான்றாகும். அங்கு 1979 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 20 ஆந் திகதி குழாய் ஒன்று வெடித்து, ஏறத்தாழ 17 இலட்சம் லீற்றர் மசகெண்ணெய் நிலத்திற் பாய்ந்தது. அள்ளக்கூடியதை அள்ளியபின்னும் ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர் மண்ணிலேயே தங்கிவிட்டது. 1983 ஆம் ஆண்டுமுதல் அந்நிலம் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றது. பற்றீரியாக்கள் எண்ணெயை இடைவிடாது சிதைத்து வருகின்றனவெனினும், பல பத்தாண்டுகள் சென்ற பின்னும் எண்ணெய் அங்கு எஞ்சியுள்ளது.

தடை உயர்ந்திருக்கும் காலத்துக்கும் தாழ்ந்திருக்கும் காலத்துக்கும் நடுவே, சுற்றுப்புற மண்ணுக்கும் மாசுற்ற மண்ணுக்கும் வேறுபாடே தோன்றாத ஒரு காலமும் இருத்தல் கூடும். எனவே, படத்தில் வேறுபாடு இல்லையென்பதால் எண்ணெயும் இல்லையென்று துணிதல் ஆகாது.

மயக்கந் தருங் காரணங்கள்

எண்ணெய் இல்லாமலே தடைத்திறனை மாற்றுங் காரணங்கள் பலவாகும்.

தடையைத் தாழ்த்துவன: களிப் படை, உவர்நீர், அண்மையில் இட்ட பொற்றாசுப் பசளை முதலிய இரசாயன உரங்கள், மாட்டுத் தொழுவத்தின் கழிவுநீர், நிலத்திற் புதைந்த இரும்புக் குழாய், முட்கம்பி வேலி.

தடையை உயர்த்துவன: உலர்ந்த மணல், கருங்கல் அல்லது சுண்ணாம்புக்கற் பாறை, புற்று, வளை முதலிய காற்று நிறைந்த வெற்றிடங்கள்.

நெல் வயலில் நீர் நிற்கும்போது மின்னோட்டத்தின் பெரும்பகுதி மேல்நீரின் வழியே சென்றுவிடும். மண் வெடிப்புற்றுக் காய்ந்திருக்கும்போதோ கோல்கள் மண்ணுடன் நன்கு பொருந்தா. ஆதலால், நீரை வடித்தபின், மண் ஈரமாக இருக்கும் நாள்களே வயலை அளப்பதற்கு ஏற்றவை. மரக்கறித் தோட்டத்தில், பசளையிட்ட பாத்திகளை ஊடறுத்து அளப்பின், அவ்விவரத்தை அளப்பவருக்கு முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலம் இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியது. அங்கு பல இடங்களில் செம்மண் மெல்லிய படையாகவே உள்ளது. அதன் கீழ் சுண்ணாம்புக்கல்லும், அதனுள் பிளவுகளும் பொந்துகளும் உண்டு. காற்று நிறைந்த பொந்து உயர்தடையையும், நீர் நிறைந்த பொந்து தாழ்தடையையும் காட்டும். நன்னீர்ப் படைக்குக் கீழே உவர்நீரும் உள்ளது. எண்ணெய் மண்ணில் ஒரே சீராகப் பரவாது, பிளவுகளின் வழியே தொலைவான கிணற்றைச் சென்றடைதலுங் கூடும். இத்தகைய நிலத்தில் மின்னளவீட்டை மட்டும் நம்பி முடிவு கூறுதல் பொருந்தாது.

ஒப்பீட்டு நிலமும் மண் மாதிரியும்

மேற்கூறிய மயக்கங்களை நீக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, எண்ணெய் படாத, அதே வகை மண்ணுள்ள அயல் நிலத்தையும் அதே நாளில் அளத்தல். அதுவே ஒப்பீட்டு நிலமாகும். அங்கு கிடைக்கும் அளவைக்கொண்டே, மாசுற்ற நிலத்தில் உயர்வெது, தாழ்வெது என்று கூறமுடியும்.

இரண்டாவது, படத்தில் வேறுபாடு தோன்றிய இடங்களில் மண் மாதிரி எடுத்தல். உயர்தடை காட்டிய இடம், தாழ்தடை காட்டிய இடம், வேறுபாடில்லாத இடம் ஆகிய மூவகை இடங்களிலும் சிறு துளையிட்டு மண் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் வேண்டும். மின்னளவீடு துளையிட வேண்டிய இடத்தைக் காட்டும். எண்ணெய் உண்டா இல்லையா என்பதை மண் மாதிரியே உறுதிசெய்யும். நிலமெங்கும் எண்ணிறந்த துளைகள் இடுவதற்குப் பதிலாக, தேர்ந்தெடுத்த சில துளைகளுடன் எல்லையைக் காணலாம் என்பதே இம்முறையின் பெரும்பயன்.

கிணற்று நீரைப் பற்றிய எச்சரிக்கை

ஒரு லீற்றர் நீரில் சில மில்லிகிராம் அளவே எண்ணெய் கலந்திருப்பினும் அந்நீர் குடிப்பதற்கு உதவாததாகலாம். இத்துணைச் சிறிய அளவு மின்றடையில் யாதொரு வேறுபாட்டையுங் காட்டாது. ஆகையால், "அளந்து பார்த்தோம், கிணற்றுக்குப் பழுதில்லை" என்று எவரேனுங் கூறின், அதனை ஏற்றுக்கொள்ளுதல் கூடாது. நீரின் தகுதியை நீர்ப் பரிசோதனையொன்றே கூறவல்லது. நீரைக் கொதிக்கவைப்பதால் எண்ணெய் முற்றாக நீங்குமென்று நம்புதலுந் தவறு.

இது வீண் அச்சமன்று. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த பகுதியில் கிணற்று நீர் எண்ணெயால் மாசுற்றமை தொடர்பான வழக்கில், உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 4 ஆந் திகதி தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட கிணறுகளுக்குரியோருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு மின்னுற்பத்திக் கம்பனியொன்று பணிக்கப்பட்டது. குடிப்பதற்கும் பயிருக்கும் ஒரே நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஊரில், எண்ணெய் மாசு ஒருவரது தோட்டத்துடன் நின்றுவிடுவதில்லை.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. எண்ணெய் வரும் வழியை உடனே அடைத்தல் வேண்டும். வயலாயின் வக்கடைகளை மூடி, எண்ணெய் வாய்க்காலுக்கோ அயல் வயலுக்கோ செல்லாது தடுத்தல் வேண்டும்.

2. மேலே நிற்கும் எண்ணெய்மீது வைக்கோல், உமி, மரத்தூள் என்பவற்றுள் ஒன்றைப் பரப்பி ஊறச்செய்து, அதனை அள்ளி வேறாக வைத்தல் வேண்டும். அதற்குத் தீ வைத்தலும், வாய்க்காலில் எறிதலும் ஆகா.

3. கறை பட்ட இடத்தை உழுதலும், சவர்க்கார நீரினாற் கழுவுதலும் கூடா. உழவு எண்ணெயை நல்ல மண்ணிற் பரப்பும். கழுவிய நீர் அதனை ஆழத்துக்குக் கொண்டுசெல்லும்.

4. அருகிலுள்ள கிணற்றில் இயந்திரத்தினாற் பெருமளவு நீர் இறைத்தலை நிறுத்துதல் வேண்டும். நீர்மட்டம் தாழும்போது எண்ணெய் கிணற்றை நோக்கி இழுக்கப்படும்.

5. சிந்திய நாள், எண்ணெயின் வகை, ஏறத்தாழ எத்தனை லீற்றர், அதன்பின் மழை பெய்த நாள்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். பழைய எண்ணெயா, புதிய எண்ணெயா என்பதை அறிய இக்குறிப்பே அளப்பவருக்குத் துணையாகும்.

6. பகுதி விவசாயப் போதனாசிரியருக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். கிணற்று நீரில் எண்ணெய் மணமோ படலமோ காணப்படின், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவித்து, பரிசோதனை முடியும்வரை அந்நீரைக் குடியாதிருத்தல் வேண்டும்.

7. அளப்பவர் வருமுன், புதைந்த குழாய்கள், பழைய கிணறுகள், மூடிய குழிகள், அண்மையிற் பசளையிட்ட பாத்திகள் ஆகியவற்றைத் தடி நாட்டி அடையாளமிட்டு வைத்தல் நன்று.

8. அளவீடு நடைபெறும்போது கோல்களையும் கம்பிகளையும் எவருந் தொடலாகாது. சில கருவிகள் பல நூறு வோல்ற்று வரை செலுத்துவன. பிள்ளைகளையும் கால்நடைகளையும் அப்பாற் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

எல்லை தெரிந்தபின்

எல்லை தெளிவானால், மாசுற்ற துண்டை மட்டும் வரம்பிட்டு ஒதுக்கி, எஞ்சிய நிலத்திற் பயிர் செய்யலாம். எண்ணெய் மேல்மண்ணில் மட்டும் நின்றால், போதனாசிரியரின் ஆலோசனைப்படி, அந்த வரம்புக்குள்ளேயே மண்ணைக் கிளறிக் காற்றூட்டி, ஈரங் காத்து, நைதரசன் பசளை இட்டுவரின், பற்றீரியாக்களின் வேலை விரைவுபடும். எண்ணெய் நீர்மட்டம்வரை இறங்கியிருப்பின் அதனை நீக்குதல் தனியொரு கமக்காரரால் இயலாது. உரிய அதிகாரிகளின் பொறுப்பில் நடைபெறவேண்டிய வேலையாகும். அவ்வாறான இடத்தில் புதுக் கிணறு தோண்டுதல் ஒருபோதுங் கூடாது.

ஆண்டுக்கொரு முறை, அதே பருவத்தில், அதே கோட்டில் மீண்டும் அளந்து வந்தால், முன்னைய படத்தையும் பின்னைய படத்தையும் ஒப்பிட்டு மாற்றத்தை அறியலாம். ஆகவே முதல் அளவீட்டின்போது நாட்டிய கோட்டின் இரு முனைகளிலும் நிலையான கற்களை நட்டு வைத்தலும், படத்தின் பிரதியொன்றைக் கேட்டுப் பெற்று நிலவுறுதியுடன் பேணி வைத்தலும் கமக்காரருக்கு நன்மை பயக்கும்.